கச்சான் மூடைக்கு நம்பர் போட்ட கதை

முல்லைத்தீவு மாவட்டத்தில ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு ஊரில, 2018 மாரியில இருந்து நாலு காலபோகம், ஒரு கச்சான் (நிலக்கடலை) கொள்முதல் திட்டத்தில வெளிக்கள ஆளா வேலை செய்தனான். கொம்பனி கொழும்புக் கொம்பனி, பேர் போடேல்லை, ஊர்ப் பேரும் வேண்டாம். அவை கடையில சாமான் விக்கிற ஆக்கள் இல்லை, மற்றக் கொம்பனியளுக்கு மூலப்பொருள் குடுக்கிற ஆக்கள். வறுத்த கச்சான், நொறுக்கின கச்சான், அரைச்ச பேஸ்ற் எண்டு பிஸ்கற்காரருக்கும் ஐஸ்கிறீம்காரருக்கும் பெட்டி பெட்டியாப் போகும், கொஞ்சம் வெளிநாட்டுக்கும் போகும். நீங்கள் தின்னுற பிஸ்கற்றில ஆரின்ர பேர் இருந்தாலும் உள்ளுக்குக் கடிபடுற கச்சான் உப்பிடி ஒரு இடத்தால வந்ததாத்தான் இருக்கும்.

அதுவரைக்கும் அவை கொழும்புப் புறக்கோட்டை மொத்த யாவாரியளிட்டத்தான் வாங்கினவை. மலிவா வேணுமெண்டா இந்தியக் கச்சான். பிரச்சினை எங்க துடங்கினது எண்டா, வெளிநாட்டில வாங்கிற ஆக்கள் ஒரு கேள்வி கேக்கத் துடங்கிச்சினம்: இது ஆரின்ர காணியில விளைஞ்சது, என்ன மருந்தடிச்சது, காடு வெட்டி விதைச்சதோ, சின்னப் பிள்ளையள வேலைக்கு வச்சதோ எண்டு. புறக்கோட்டை யாவாரியிட்ட போய் உதைக் கேட்டா அவர் தராசத் தூக்கி எறிவார். அதால நேர ஊருக்குள்ள இறங்கி வாங்குவம் எண்டு முடிவெடுத்தவை, அதுக்கு வச்ச பேர் நிலைபேறான கொள்முதல்.

இது இவை கண்டுபிடிச்ச சங்கதி இல்லை. 2002இல நெஸ்லே, யூனிலீவர், டனோன் மூண்டும் சேர்ந்து நிலைபேறான விவசாயத்துக்கெண்டு எஸ்.ஏ.ஐ. பிளாற்ஃபோம் எண்டு ஒரு அமைப்பைத் துடங்கினவை, அவையிட்ட பண்ணையை மதிப்பிட எஃப்.எஸ்.ஏ. எண்டு ஒரு கேள்விக்கொத்து இருக்கு, அதில எடுக்கிற புள்ளியைப் பாத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் எண்டு தரம் குடுப்பினம். எங்கட கொம்பனிக்கு வெள்ளி வேணும். ஏன் வெள்ளி எண்டு நான் கேட்டதுக்கு, வாங்கிற ஆள் வெள்ளி கேக்கிறார் எண்டு மறுமொழி வந்தது. நல்ல வெளிப்படையான மறுமொழி, நான் அதில குறை பிடிக்கேல்லை.

வன்னிக் கச்சானைப் பற்றி எங்கட ஆக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஏ9 றோட்டால போற ஆர் எண்டாலும் முறிகண்டியில இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சுப்போட்டு ஒரு சுருள் கச்சானோடதான் திரும்ப ஏறுவினம். மாங்குளம், ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்புப் பக்கத்துச் செம்மண் மேட்டுக்காணி இந்தப் பயிருக்கெண்டே படைச்ச மாதிரி, தண்ணி நிக்காது, பிடுங்கேக்க காய் மண்ணுக்குள்ள அறுந்து போகாது. ஐப்பசி கார்த்திகை மழைக்கு விதைச்சா தை மாசியில பிடுங்கலாம். குளத்துத் தண்ணி தேவையில்லை, அதால வயல் இல்லாத சனத்தின்ர பயிர் இது. போர் முடிஞ்சு மீள்குடியேறி வந்து தகரக் கொட்டிலில இருந்த காலத்தில, ஒரு ஏக்கர் மேட்டுக்காணியும் ரெண்டு கையும் மட்டும் இருந்த பெண்கள் கனபேர் கச்சானோடதான் நிமிந்தவை.

படிவத்தோட முதல் போகம்

முதல் வருசம் நாப்பது குடும்பம் சேந்தது. மாதர் சங்க மண்டபத்தில கூட்டம் வச்சு, தேத்தண்ணி குடுத்து, அந்த எஃப்.எஸ்.ஏ. படிவம் நிரப்பினது. நூறுக்கு மேல கேள்வி. பெரிய பண்ணையள நினைச்சு ஆரோ எழுதினதை ஆரோ மொழிபெயர்த்து அனுப்பி இருந்தவை, அந்தத் தமிழை வாசிக்கவே எனக்கு ரெண்டு நாள் பிடிச்சுது. "பண்ணைத் தொழிலாளர்கள் முறைப்பாடு செய்வதற்கான பொறிமுறை உண்டா" எண்டு ஒரு கேள்வி. ஒரு அக்கா, மனுசன் இல்லை, தாயும் அவவும்தான் ஒரு ஏக்கர் செய்யினம். நான் வாசிச்சன். அவ கொஞ்சம் யோசிச்சுப்போட்டு, "அம்மா விடிஞ்சாப் பொழுதுபட்டா முறைப்பாடுதான் தம்பி, பொறிமுறை ஒண்டும் தேவையில்லை" எண்டா. நான் உண்டு எண்டு போட்டன்.

சிரிப்புக்குச் சொல்லேல்லை, அந்தப் படிவம் முழுக்கப் பிழை எண்டும் சொல்லேல்லை. வெறும் மருந்துப் போத்தலுக்குள்ள தண்ணி எடுக்கிறியளோ எண்ட கேள்வி வந்தாப் பிறகு ரெண்டு வீட்டில அப்பிடிப் போத்தில் அடுப்படியில இருந்ததைக் கண்டு எடுத்து எறிஞ்சனாங்கள், அது ஒண்டுக்காக எண்டாலும் அந்த ரெண்டு நாள் தகும். ஒரே காணியில வருசா வருசம் கச்சானையே போட்டா அடித்தண்டு அழுகல் கூடும், இடையில சோளமோ குரக்கனோ போடுங்கோ எண்ட கதையும் அந்தப் படிவத்தால வந்ததுதான். ஆனா அந்த நூறு கேள்விக்குள்ள ஒண்டு இல்லை: ஐப்பசியில விதைக்கச்சானுக்கு ஆர் காசு தாறது?

ஏக்கருக்குக் கிட்டத்தட்ட 40 கிலோ பருப்பு விதைக்கு வேணும். நெல்லுமாதிரி ஒண்டுக்கு நூறாப் பெருகிற பயிர் இல்லை இது, அதால செலவில பெரிய பங்கு விதைதான். அந்த விதையை ஊரில குடுக்கிறது யாவாரி. போகம் முடிய அவர் சொல்லுற விலைக்கு அவருக்கே மூடையப் போடவேணும், மூடைக்கு ரெண்டு கிலோ கழிவு வேற. கொழும்பு ஆக்கள் யாவாரியை வில்லன் மாதிரிக் கதைப்பினம். ராத்திரி ரெண்டு மணிக்குப் பிள்ளைக்கு வருத்தம் எண்டா மோட்டச்சைக்கிளோட வந்து முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கொண்டு போறதும் அதே யாவாரிதான். கொம்பனி 21 நாளில வங்கிக்குக் காசு போடும். யாவாரி தராசடியில எண்ணிக் குடுப்பார். செவ்வாய்க்கிழமை எண்டா லோன்காரன் படலையில நிப்பான், அவனுக்கு 21 நாள் கதை சொல்லேலாது. நுண்கடன் எங்கட பெண்களை என்ன பாடு படுத்தினது எண்டு தெரியும்தானே, 2018 ஆவணியில அரசாங்கமே வறட்சி பாதிச்ச 12 மாவட்டத்தில பெண்களின்ர ஒரு லட்சம் வரைக்குமான கடனைத் தள்ளுபடி செய்யிறம் எண்டு அறிவிக்கிற அளவுக்குப் போனது.

நான் இதைக் கொம்பனிக் கூட்டத்தில சொன்னன். மேற்கு ஆபிரிக்காவில ஷியா கொட்டை பொறுக்கிற பெண்களிட்ட ஏஏகே எண்ட சுவீடன் எண்ணெய்க் கொம்பனி நேர வாங்குது, 2009இல இருந்து கொலோ நஃபாசோ எண்ட பேரில, அறுவடைக்கு முதலே வட்டியில்லாமல் முற்பணம் குடுத்துத்தான் அந்த உறவைப் பிடிச்சு வச்சிருக்கினம் எண்டு. தலையாட்டிச்சினம். முதல் போகம் முற்பணம் வரேல்லை.

அந்த மார்கழி, 2018, 21ஆம் திகதி இரவு அடிச்ச மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும், கிளிநொச்சி முல்லைத்தீவு ரெண்டும் வெள்ளத்துக்குள்ள, இரணைமடுக் குளம் வான் பாஞ்சது. எங்கட மேட்டுக்காணி தப்பிச்சுது, பள்ளத்துப் பக்கம் ஏழெட்டுக் காணி அழுகிப்போச்சு. மிச்சம் நல்ல கச்சான். கொம்பனி சந்தோசமா வாங்கிக்கொண்டு போச்சு, படமெடுத்து வருடாந்த அறிக்கையில போட்டவை, அந்தப் படத்தில சிரிக்கிற ஐயாவின்ர காணி அழிஞ்ச காணி. அவர் மற்ற ஆளின்ர மூடைக்குப் பக்கத்தில நிண்டவர்.

செய்மதி கண்ட காடு

இதை ஒரு தனிக் கதையா எழுதலாம், சுருக்கிச் சொல்லுறன். எல்லாக் காணியையும் ஜீ.பி.எஸ்.ஸில சுத்தி நடந்து வரைபடம் எடுத்தனான். கொம்பனியின்ர கொள்கையில காடழிப்பு இல்லை எண்டு ஒரு வாசகம், அதுக்கு ஒரு வெட்டுத் திகதி, அந்தத் திகதிக்குப் பிறகு மரம் விழுந்த காணியில வாங்கமாட்டினம். கொழும்பில இருந்து ஒரு பெடியன் செய்மதிப் படத்தோட ஒப்பிட்டுப்போட்டு கோல் எடுத்தான், "அண்ணா, 11 காணி சிவப்பில வருது, காடு வெட்டி இருக்கினம்".

வெட்டினவைதான். 1990களிலயும் பிறகு 2008இலயும் விட்டிட்டு ஓடின காணி. இடையில ஆள் இல்லை, முதிரையும் வீரையும் பாலையும் வளந்து காடாப்போச்சு. மிதிவெடி எடுத்து, விடுங்கோ போகலாம் எண்டு சொன்னாப் பிறகு வந்து தங்கட சொந்தக் காணியத் துப்பரவாக்கினவை. சிலபேர் 2010இல வந்தவை, சிலபேருக்கு விட 2013 ஆச்சு, காசு சேர்த்து மிசின் பிடிச்சுத் துப்பரவாக்க இன்னும் ரெண்டு வருசம். செய்மதிக்கு ஓடின கதை தெரியாது. பச்சையா இருந்தது மண்ணாப் போச்சு, அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்.

காணிக்குள்ள பழைய கிணத்துக்கட்டு இருக்கு, தென்னம் குத்தி இருக்கு, ஒரு வளவில வீட்டு அத்திவாரத்துக்கு மேல பாலை மரம் நிக்குது. இதெல்லாத்தையும் படமெடுத்து, காணி அனுமதிப் பத்திரத்தின்ர பிரதியும் வச்சு, கிராம அலுவலரிட்டக் கடிதம் வாங்கி அனுப்பினன். ஒன்பது காணி மீண்டுது. ரெண்டு காணிக்குப் பத்திரம் இடம்பெயர்வில துலைஞ்சு போச்சு, அதோட வன இலாகாவின்ர எல்லைக்கல்லும் காணிக்குள்ள போட்டிருக்கு, அந்த ரெண்டு குடும்பத்தையும் பட்டியலில இருந்து எடுக்கவேண்டி வந்தது. பிறகு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின்ர காடழிப்புச் சட்டத்தில வெட்டுத் திகதி 2020 மார்கழி 31, அதில கச்சான் இல்லவே இல்லை, கோப்பி, கொக்கோ, றப்பர், பாம் எண்ணெய், சோயா, மாடு, மரம் இவ்வளவும்தான். அந்தத் திகதிய வச்சிருந்தாக்கூட எங்கட ஒரு காணியும் மாட்டியிராது. கொம்பனி தன்ர பாட்டில அதைவிடப் பழைய திகதி ஒண்டை எங்கயோ இருந்து எடுத்து ஒட்டி இருந்தது. வேற நாட்டுக் காட்டுக்கு அது சரியான திகதியா இருக்கலாம். போர் முடிஞ்ச நிலத்துக்கு எந்தத் திகதி சரி எண்டு ஒருத்தரும் யோசிக்கேல்லை.

திரும்பி வந்த லொறி

இனித்தான் விசயம். ரெண்டாவது போகம், 2020 மாசி. நல்ல விளைச்சல். எல்லாரும் மூடை கொண்டு வந்து மாதர் சங்க மண்டபத்தில அடுக்கினவை, லொறி வெள்ளிக்கிழமை வருமெண்டு சொன்னது. வரேல்லை. திங்கள் எண்டாங்கள். இடையில பருவம் தப்பின மழை, மண்டபத்தின்ர பின் கூரையில ஓட்டை, நிலம் சீமெந்து, பலகை ஒண்டும் போடேல்லை. லொறி வந்தது ஒன்பதாம் நாள். நூறு மூடைக்கு மேல ஏத்தினது. ரெண்டு கிழமை கழிச்சு கொழும்பு லாப்பில இருந்து றிசல்ற் வந்தது, முழு லோட்டும் றிஜெக்ற். அஃப்ளடொக்சின்.

இதைக் கொஞ்சம் ஆறுதலாச் சொல்லவேணும். கச்சானில வாற ஒரு வகைப் பூஞ்சணம், அஸ்பர்ஜிலஸ் எண்டு பேர், அது கக்கிற நஞ்சுதான் அஃப்ளடொக்சின். 1960இல இங்கிலாந்தில ஒரு லட்சத்துக்கு மேல வான்கோழி திடீரெண்டு செத்து விழ, என்ன வருத்தம் எண்டு தெரியாம எக்ஸ் வருத்தம் எண்டு பேர் வச்சு, தேடிப் பாத்தா தீனுக்கு வந்த பிறேசில் கச்சான் பிண்ணாக்கில இருந்த நஞ்சு. அப்பதான் உலகத்துக்கு இது தெரிய வந்தது. ஈரலில புற்றுநோய் வரப்பண்ணும். வறுத்தாக் குறையும், முழுக்கப் போகாது. பாத்தாலும் கனநேரம் தெரியாது. ஐரோப்பாவில நேரத் தின்னுற கச்சானுக்கு எல்லை கிலோவுக்கு மொத்தம் 4 மைக்ரோகிராம், இனித்தான் தெரிஞ்சு பிரிக்கப்போற கச்சானுக்கு 15. ஒரு தொன் கச்சானுக்குள்ள 15 மில்லிகிராம், ஒரு சிட்டிகை உப்பில கொஞ்சம் எண்டு வச்சுக்கொள்ளுங்கோ.

இன்னொரு சனியன் என்னெண்டா அது எல்லாப் பருப்பிலயும் சமனா இராது. ஆயிரத்தில ஒரு பருப்புத்தான் கெட்டிருக்கும், அந்த ஒண்டு முழு மூடையையும் எல்லைக்கு மேல கொண்டு போகும். எங்கட நூறு மூடையும் ஒரே லோட். ஆரின்ர மூடை எது எண்டு ஒரு அடையாளமும் இல்லை, எல்லாம் ஒரே மாதிரி உரைப்பை. மூண்டு வீட்டுக் கச்சான் கெட்டிருந்தாலும் எல்லா வீட்டுக் கச்சானும் திரும்பித்தான் வரும். வந்தது. அதே லொறியில, பின்னேரம் நாலு மணி, மழை இல்லை நல்ல வெயில். சனம் வந்து நிண்டு பாத்துக்கொண்டு நிக்குது, ஒருத்தரும் சத்தம் போடேல்லை, அதுதான் எனக்குக் கஸ்ரமா இருந்தது. லொறிச் சாரதி சிங்களப் பெடியன், இறக்கக் கைகுடுத்தவன், தான்தான் பிழை விட்டமாதிரித் தலையக் குனிஞ்சுகொண்டு.

ஆரின்ர பிழை? கொம்பனி சொன்னது விவசாயிகள் காயவைக்கேல்லை எண்டு. பாதி உண்மை. பிடுங்கின உடன பச்சைக் கச்சானில 40 வீதம் வரைக்கும் ஈரம் இருக்கும், கோதோட எண்டா 9 வீதத்துக்கும் உடைச்ச பருப்பு எண்டா 7 வீதத்துக்கும் கிட்டக் கொண்டு வந்தாத்தான் பூஞ்சணம் அடங்கும். எங்கட ஆக்கள் பாக்கிற விதம் காதடியில வச்சு ஆட்டிப் பாக்கிறது, உள்ளுக்குப் பருப்புக் கலகலத்தா காஞ்சுது. மோசமான முறை இல்லை, ஆனா 12 வீதத்திலயும் கலகலக்கும். சிலபேர் வெறும் மண்ணில காயப்போட்டவை, ஒண்டு ரெண்டு பேர் கோது உடைக்கச் சுகம் எண்டு தண்ணி தெளிச்சவை, நிறைக்காகவும் தெளிச்சிருப்பினம், அதையும் மறைக்கத் தேவையில்லை. மற்றப் பாதி, ஒன்பது நாள் ஓட்டைக் கூரைக்குக் கீழ சீமெந்தில கிடந்தது. அது லொறியின்ர பிழை, லொறி கொம்பனியின்ர. லாப் றிசல்ற் காணியில வந்த நஞ்சோ மண்டபத்தில வந்த நஞ்சோ எண்டு பிரிச்சுச் சொல்லாது. ஒப்பந்தத்தில "தொழிற்சாலையில் ஏற்றுக்கொள்ளப்படும் வரை பொருள் உற்பத்தியாளருக்குரியது" எண்டு ஒரு வரி, மூண்டாம் பக்கத்தில, சின்ன எழுத்தில. அந்த ஒரு வரியால நட்டம் முழுக்க சனத்தின்ர தலையில. நிலைபேறு எண்டு நூறு கேள்வி கேட்ட படிவத்துக்கு வெள்ளி கிடைச்ச வருசம் அது.

இழுபறி நடந்துகொண்டிருக்கப் பங்குனி 20 வந்தது, நாடு முழுக்க ஊரடங்கு. கூட்டம் வைக்கேலாது, எல்லாம் ஃபோனிலதான். கடைசியாப் பாதி விலைக்குக் கிட்ட ஒரு தொகை "நல்லெண்ணக் கொடுப்பனவு" எண்டு கொம்பனி குடுத்தது. நட்டஈடு எண்ட சொல்லைப் பாவிக்கக்கூடாது எண்டு எனக்கு மெயில் வந்தது.

நம்பர்

மூண்டாவது போகத்துக்கு முதல் நான் ஒரு விசயத்தில பிடிவாதமா நிண்டன். விக்கிற இடம் ஊராகவேணும். ஊரில நிறுத்து, ஊரில ஈரப்பதன் பாத்து, அந்த இடத்திலயே பொருள் கொம்பனிக்குக் கைமாறவேணும், அதுக்குப் பிறகு லொறி ஒன்பது நாள் பிந்தினா அது கொம்பனியின்ர கச்சான். இதை ஒத்துக்கொள்ள அவைக்கு ஆறு மாசம். ஒத்துக்கொண்டதுக்குக் காரணம் என்ர வாய் இல்லை, ரெண்டாவது போகத்தில பொருள் இல்லாமல் ஒரு ஓடர் தவறி, அதுக்கு அவை குடுத்த தண்டம் சனத்துக்குக் குடுத்ததைவிடப் பெரிசு.

ஒரு ஈரப்பதன் மீற்றர் வாங்கித் தந்தவை, கையில பிடிக்கிற சைஸ். அதை முதல் நாள் கொண்டுபோய் வச்சு, காதடியில ஆட்டிப் பாக்கிற ஐயா ஒருவரையும் மீற்றரையும் போட்டிக்கு விட்டம். பத்துச் சிரட்டைக் கச்சான். ஐயா ஆறு சரி. அவருக்குப் பெருமை, எங்களுக்குப் பாடம், ஏனெண்டா பிழைச்ச நாலும் பன்ரெண்டுக்குக் கிட்ட இருந்தது. பிறகு ஆக்கள் தாங்களாவே மண்டபத்துக்கு ஒரு சுண்டு கொண்டு வந்து பாத்துப்போட்டு, இன்னும் ஒருநாள் வெயில் வேணும் எண்டு திரும்பிப் போவினம். வீட்டுக்கு ரெண்டு படங்கு குடுத்தம். பிடுங்கின கொடியைக் காய் மேல வாறமாதிரிக் கவிட்டுப் போட்டு ரெண்டு மூண்டு நாள் காணியிலயே காயவிட்டு, பிறகு ஆய்ஞ்சு, படங்கில பரப்பிறது. பூக்கிற நேரம் ஜிப்சம் போடச் சொன்னம், கச்சான் காய் தனக்கு வேண்டிய கல்சியத்தைத் தானே மண்ணில இருந்து உறிஞ்சும், வேரால வராது, அது காணாட்டிப் பருப்பு வைக்காத பொக்கு கூடும்.

அதோட நம்பர். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நம்பர், மூடையில பெயின்ற்றால எழுதிறது, முதல் பிடுங்கல் எண்டா வெள்ளை நூலால தைக்கிறது, பிந்தினது எண்டா சிவப்பு நூல். பிந்தினதை ஏன் பிரிக்கிறது எண்டா, கடைசி நாலைஞ்சு கிழமை மழை இல்லாமல் மண் சூடேறி நிண்ட கச்சானிலதான் நஞ்சு கூட வரும், அது காணியிலயே வாறது, எவ்வளவு காயவைச்சாலும் போகாது. ஒவ்வொரு பத்து வீட்டையும் ஒரு சின்ன லோட்டாக்கி அதுக்குத் தனி மாதிரி எடுத்து லாப்புக்கு அனுப்பினம். அந்தப் போகம், 2021 மாசி, நாலு லோட்டில ஒண்டு தோத்தது. நூல் பாத்தம், சிவப்பு. அதுக்குள்ளயும் பிரிச்சுப் பாக்க ரெண்டு வீட்டில வந்து நிண்டுது, ரெண்டு காணியும் மண் ஆழமில்லாத கல்லுத் தறை. மிச்ச வீடு எல்லாத்துக்கும் காசு போச்சு.

இதைத்தான் நான் இந்தக் கதையில சொல்ல வந்தது. தடம் பிடிக்கிறது, இந்தக் கச்சான் எந்தக் காணி எண்டு கண்டுபிடிக்கிறது, இதெல்லாம் வெளிநாட்டுக்காரனுக்காகச் செய்யிற வேலை எண்டுதான் எல்லாரும் நினைச்சம், கொம்பனியும் அப்பிடித்தான் வித்தது, போத்திலில ஒரு கியூ.ஆர். கோட் போடுற கதை எல்லாம் கதைச்சவை. முதல் பிரயோசனம் சனத்துக்குத்தான். நட்டம் வந்தா அது பரவாமல் வேலி போடுற சாமான் அது. நம்பர் இல்லாத மூடையில நல்ல விவசாயிக்கும் கெட்ட பருப்புக்கும் ஒரே தண்டனை. உதைச் சொல்லித்தான் பிறகு எந்த ஊரிலயும் ஆக்களைச் சம்மதிக்க வச்சனான், பூமியைக் காப்பாத்துவம் எண்ட கதைக்கு ஒருத்தரும் பெயின்ற் தூரிகை தூக்கேல்லை.

முற்பணமும் அந்த வருசம்தான் வந்தது, காசா இல்லை விதையா. நிறுக்கிற இடத்தில பாதிக் காசு கையில, மிச்சம் றிசல்ற் வந்த உடன. யாவாரி என்ன செய்தார் எண்டு கேப்பியள். அவரையே ஏத்தி இறக்கிற கொந்தராத்துக்கு எடுத்தம். ஊரைத் தெரிஞ்ச மனுசன், லொறி வைச்சிருக்கிறார், பிந்தினா அவருக்குத்தான் வெட்டு. பிந்தேல்லை.

உரத்தடை, டொலர்

நாலாவது போகத்தைச் சுருக்கமாச் சொல்லலாம், எல்லாருக்கும் தெரிஞ்ச காலம். 2021 சித்திரை கடைசியில இரசாயன உரத்தடை கதை வந்து வைகாசியில வர்த்தமானி. கொழும்பில இருந்து ஒருத்தர் சந்தோசமா கோல் எடுத்தார், இனி உங்கட ஊர் முழுக்க சேதனம்தானே, சேர்டிபிகேற் எடுப்பம் எண்டு. நான் சொன்னன், ஐயா உரம் கிடைக்காததும் சேதன விவசாயமும் ஒண்டில்லை. ஐரோப்பியச் சட்டத்தில வருசப் பயிருக்கு விதைக்கிறதுக்கு முதல் ரெண்டு வருச மாற்றக்காலம் வேணும், குழுவா எடுக்கிறதெண்டா சட்டப்படி பதிவான அமைப்பா இருக்கவேணும், உள்ளக் கட்டுப்பாட்டு முறை வேணும், பக்கத்து வயலில அடிக்கிற மருந்து காத்தில வந்தாலும் பதில் சொல்லவேணும். கார்த்திகையில தடையை எடுத்தாச்சு, அந்தக் கதையும் முடிஞ்சுது. கச்சான் தனக்குத் தேவையான நைதரசனைத் தானே வேர் முடிச்சில பிடிக்கிற பயிர், அதால நேரடி அடி குறைவு. ஆனா கச்சான் செய்யிற வீட்டிலதானே நெல்லும், நெல்லில விழுந்தவன் கச்சானுக்குக் கூலி எங்கால குடுக்கிறது.

பிறகு விலை. அடிவிலை எண்டு புரட்டாதியிலயே ஒண்டைத் தீர்மானிச்சு எழுதினது, அப்ப டொலர் இருநூறு ரூபா. 2022 பங்குனியில ரூபாவை மிதக்க விட, சித்திரை கடைசிக்குள்ள முந்நூற்றைம்பதுக்கு மேல. வெளியில கச்சான் விலை ஏறிக்கொண்டே போகுது, நாங்கள் பழைய விலையோட தராசை வச்சுக்கொண்டு நிக்கிறம். ராத்திரியில மூடை வேற பக்கம் போச்சுது. கொம்பனி அதுக்குப் பேர் வச்சது நம்பிக்கைத் துரோகம். பாண் விலையைப் பாத்த ஆள் உப்பிடி ஒரு சொல்லைச் சொல்லாது. நான் அறிக்கையில எழுதினன், அடிவிலை விழாமல் இருக்கிறதுக்குத்தான், ஏறாமல் இருக்கிறதுக்கில்லை, ஒரு மாசத்துக்கு ஒருக்காச் சந்தை விலையோட பொருத்துங்கோ எண்டு. பொருத்தினவை, சித்திரையில, நாங்கள் வாங்கி முடிச்சாப் பிறகு.

குரங்கையும் மயிலையும் பண்டியையும் பற்றி ஒண்டும் எழுதேல்லை எண்டு ஆரும் கோவிக்க வேண்டாம். படிவத்தில உயிர்ப்பல்வகைமை எண்டு ஒரு பக்கம், உங்கட பண்ணையில என்ன காட்டு விலங்குகள் வருகுது எண்டு கேட்டது. சனம் ஆசையாச் சொல்லிச்சினம், எல்லாம் வருகுது எண்டு. அதுக்கு நல்ல புள்ளி கிடைச்சுது.

கழிச்சது

2020இல திரும்பி வந்த அந்த நூறு மூடைக்கும் என்ன நடந்தது எண்டு கொம்பனியின்ர ஒரு அறிக்கையிலயும் இல்லை. அறிக்கையில றிஜெக்ற் எண்டு போட்டா கச்சான் மறைஞ்சு போகும் எண்டமாதிரி. மறையேல்லை. ஒரு கிழமைக்குள்ள வெளியூர் யாவாரி ஒருவர் வந்து பாதிக்கும் கீழ விலை சொல்லி அள்ளிக்கொண்டு போனார். சனத்திட்ட வேற வழி இல்லை, செவ்வாய்க்கிழமை வருகுது. நான் தடுக்கேல்லை, தடுக்க எனக்கு என்ன உரிமை, காசு நானோ குடுக்கப்போறன். கோது உடைச்சு நல்லதோட கலந்து வறுத்து உப்புப் போட்டா ஆருக்குத் தெரியும். வெளிநாட்டான் தின்னக்கூடாது எண்டு நாங்கள் மினக்கெட்டுப் பிரிச்சு எடுத்ததை எங்கட பிள்ளையள் தின்டிருக்குங்கள். அடுத்த வருசம் பங்குனியில இறக்குமதித் தேங்காய் எண்ணெய்யில அஃப்ளடொக்சின் எண்டு நாடே கொதிச்சுது, அந்தச் செய்தியைப் பாக்கேக்க எனக்கு அந்த லொறிதான் ஞாபகம் வந்தது.

நாலாவது போகத்து ஒப்பந்தத்தில ஒரு பந்தி எழுதிக் குடுத்தன், தோத்த லோட்டைக் குறைஞ்ச விலைக்குக் கொம்பனியே வாங்கி, சாப்பாட்டுக்குப் போகாமல் அழிக்கவேணும் எண்டு. வரைவில இருந்தது. கையெழுத்துக்கு வந்த பிரதியில இல்லை. கேட்டதுக்கு, செலவுத் தலைப்பு இல்லை எண்டவை.

முறைப்பாட்டுப் பொறிமுறை தேவையில்லை எண்டு சொன்ன அந்த அக்காவுக்கு நான் ஒருக்கா வான்கோழிக் கதையைச் சொல்லி இருந்தன். போன மாசிக்கு அங்கால போகேக்க அவ திண்ணையில இருந்து விதைக்குப் பருப்புத் தெரிஞ்சுகொண்டு இருந்தா, தாய்க்காரி இப்ப இல்லை. நல்லது சுளகில, சுருங்கினதும் நிறம் மாறினதும் ஒரு சிரட்டையில. நிரம்பின சிரட்டையைக் கொண்டுபோய்ப் பின்வளவில வெட்டி வச்ச கிடங்குக்குள்ள கொட்டி, மண் மூடி, மேல ஒரு கல்லைத் தூக்கி வச்சா. "கோழி கிளறிப்போடும் தம்பி" எண்டா. அந்த ஒரு சிரட்டையும் நிறுத்தா இருநூறு கிராம் வரும், யாவாரிக்குப் போட்டா காசு.